எமல்ஷன் கலவை இளகுகிறதா, கட்டி தட்டுகிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

எமல்ஷன் பேட்ச் எதிர்பார்த்த அளவு கெட்டியாகவில்லை என்றதும் கை தானாகவே திக்கனர் (கெட்டியாக்கும் பொருள்) டிரம்மை நோக்கிப் போகும். பாதிப் பிழைகள் அங்கேதான் தொடங்குகின்றன. சுவர் பெயின்ட், பிரைமர், மரப் பசை, துணி அச்சுக்கான பேஸ்ட் என எதுவாக இருந்தாலும், கெட்டித்தன்மையைத் திக்கனர் மட்டும் தருவதில்லை. எமல்ஷனில் நீரில் மிதக்கும் பாலிமர் துகள்கள், அவற்றைச் சுற்றி ஒட்டியிருக்கும் சோப்புப் பொருள், நீரின் பிஎச், கரைந்திருக்கும் உப்பு, ஃபில்லர் எனும் நிரப்புத் தூள் எல்லாம் சேர்ந்துதான் கெட்டித்தன்மையை முடிவு செய்கின்றன. இவற்றில் எது இடம் மாறியது என்று தெரியாமல் திக்கனரை ஊற்றினால் இன்றைக்குச் சரியானதுபோல் இருக்கும். பத்து நாள் கழித்து டப்பாவைத் திறக்கும்போது அதே கோளாறு வேறு முகத்தோடு வந்து நிற்கும்.

அதனால் முதலில் உங்கள் கையில் இருப்பது எந்த வகைத் திக்கனர் என்று தெரிந்துகொள்ளுங்கள். எச்.இ.சி., சி.எம்.சி. போன்ற செல்லுலோஸ் வகை, நீண்ட சங்கிலிகளாக நீரில் விரிந்து நீரைக் கெட்டியாக்கும். ஏ.எஸ்.இ. எனப்படும் காரத்தில் வீங்கும் அக்ரிலிக் வகை, பால் போல நீர்த்து அமிலத் தன்மையோடு வரும். அம்மோனியாவோ வேறு காரமோ பட்டால்தான் வீங்கும். அதே சங்கிலியில் நீரை வெறுக்கும் கொக்கிகளைப் பொருத்தினால் அது எச்.ஏ.எஸ்.இ. வகை. மூன்றாவது எச்.இ.யு.ஆர். எனும் பாலியூரித்தேன் வகை. இது எமல்ஷன் துகள்களைத் தன் இரு முனைக் கொக்கிகளாலும் பிடித்து வலை போலப் பின்னும். மூன்றும் மூன்று விதமாகத் தோற்கும். இந்தக் கட்டுரை முழுக்க அந்த வேறுபாடு திரும்பத் திரும்ப வரும்.

எதையும் சேர்க்கும் முன்

கலவையின் வெப்பநிலை, பிஎச், லிட்டர் எடை, பாகுத்தன்மை (கெட்டித்தன்மையின் அளவு) இந்த நான்கையும் எழுதி வையுங்கள். அரைத்து முடித்த சூட்டிலேயே அளந்துவிட்டு "இளகிவிட்டது" என்பது பலமுறை நடக்கிறது. 25 டிகிரிக்குக் கொண்டுவந்து அளந்தால் கோளாறே இல்லாமல் போகலாம். லிட்டர் எடை குறைவாக இருந்தால் உள்ளே காற்று சிக்கியிருக்கிறது என்று பொருள். நுரை நிறைந்த பேட்ச் பொய்யாகக் கெட்டியாகத் தெரியும்.

பாகுத்தன்மையை ஒரே கருவியில் மட்டும் பார்க்காதீர்கள். ஸ்டார்மர் கருவி காட்டும் கே.யு. எண், குச்சியால் கலக்கும்போது கைக்குத் தெரியும் கெட்டித்தன்மையைச் சொல்கிறது. ப்ரூக்ஃபீல்டை மெதுவான சுழற்சியில் ஓட்டினால் டப்பாவுக்குள் அசையாமல் இருக்கும்போது என்ன நடக்கும் என்று தெரியும். பிரஷ், ரோலர் அடியில் நடப்பதைக் கூம்பும் தட்டும் கொண்ட ஐசிஐ கருவிதான் காட்டும். கே.யு. ஒன்றாகவே இருக்கும் இரண்டு பெயின்ட்டுகள் சுவரில் முற்றிலும் வேறு மாதிரி நடந்துகொள்வது இதனால்தான்.

இன்னொன்று: முழு டேங்கில் எதையும் சோதித்துப் பார்க்க வேண்டாம். 200 கிராம் மாதிரிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு மாற்றம் செய்து, ஒன்றை மட்டும் தொடாமல் வைத்து, மறுநாள் ஒப்பிடுங்கள்.

அறிகுறி: திக்கனர் சேர்த்தும் கெட்டியாகவில்லை

எச்.இ.சி. என்றால் முதல் கேள்வி நேரம். மேற்பரப்பு பூசப்பட்ட எச்.இ.சி. தூள், நடுநிலை நீரில் கரையாமல் சும்மா மிதந்து பரவும்; அதற்காகவே அப்படிச் செய்யப்பட்டது. தூள் நன்றாகப் பரவிய பிறகு பிஎச்சை எட்டுக்கு மேல் ஏற்றினால்தான் வேகமாக நீர் குடித்து வீங்கும். காரம் சேர்க்க மறந்துவிட்டால், அல்லது நீர் குளிர்ந்திருந்தால், கெட்டியாவது மணிக்கணக்கில் தள்ளிப்போகும். அந்த அவசரத்தில் இன்னும் கொஞ்சம் தூளைப் போட்டால் மறுநாள் காலையில் கஞ்சியாக இறுகிக் கிடக்கும்.

ஏ.எஸ்.இ., எச்.ஏ.எஸ்.இ. என்றால் நேராகப் பிஎச் மீட்டரைப் பாருங்கள். ஏழுக்குக் கீழே இவை வெறும் பால்தான். எட்டரை அளவில் நிறுத்தி, அரை மணி நேரம் கலக்கிவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். வினைல் அசிடேட் எமல்ஷன்களில் இது சிக்கலாகும். அவை இயல்பாகவே அமிலப் பக்கம் இருப்பவை. காரத்தில் மெல்ல நீராற்பகுப்பு அடைந்து அசிட்டிக் அமிலத்தை வெளியிடுபவை. இன்று எட்டரைக்கு ஏற்றிய பிஎச் சில வாரங்களில் தானே இறங்கும், கெட்டித்தன்மையும் கூடவே இறங்கும். வினைல் அசிடேட்டுக்குச் செல்லுலோஸ் வகையே பாதுகாப்பான தேர்வு என்பது என் கருத்து.

எச்.இ.யு.ஆர். வேலை செய்யவில்லை என்றால் அளவைக் கூட்டும் முன் கலவையில் சோப்புப் பொருள் எவ்வளவு, பியூட்டைல் கிளைக்கால் போன்ற கரைப்பான் எவ்வளவு என்று கணக்குப் பாருங்கள். இரண்டும் கொக்கிகளைத் துகள்களிடமிருந்து பிரித்துவிடும். எமல்ஷனின் துகள் அளவும் முக்கியம். துகள் சிறிதானால் பிடிக்க மேற்பரப்பு அதிகம், வலை உறுதியாகும். பெரிய துகள் எமல்ஷனுக்கு மாறியவுடன் பழைய அளவு திக்கனர் போதாமல் போவது இதனால்தான்.

அறிகுறி: கட்டி, ஜெல்லி, மணல் போன்ற துகள்

இந்த இடத்தில் அவசரப்படாமல் ஒரு கட்டியை வடிகட்டியிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்து நசுக்கிப் பாருங்கள். எந்தக் கருவியையும்விட விரல் இங்கே அதிகம் சொல்லும்.

கட்டி கண்ணாடி போலத் தெளிவாக, வழுக்கிக்கொண்டு, பிளந்தால் நடுவே உலர்ந்த வெள்ளைத் தூளோடு இருந்தால் அது எச்.இ.சி. கட்டி. தூளை ஒரே இடத்தில் கொட்டியிருக்கிறார்கள், அல்லது நீரில் ஏற்கெனவே அம்மோனியா இருந்திருக்கிறது. வெளிப்பக்கம் உடனே ஜெல்லாகி உள்ளே நீர் போக வழி அடைபட்டுவிட்டது. இனிமேல் தூளைச் சல்லடையால் தூவி, நீர்ச்சுழலின் ஓரத்தில் விழும்படி போடுங்கள். காரம் எல்லாவற்றுக்கும் பிறகு. தூளைப் புரோப்பிலீன் கிளைக்காலில் குழைத்து ஊற்றுவதும் நல்ல வழி. ஏற்கெனவே உண்டான கட்டிகள் சில இரவு முழுக்க மெதுவாகக் கலக்கினால் கரையும். மிச்சத்தை வடிகட்டத்தான் வேண்டும்.

வழுவழுப்பான, பாதி ஒளி ஊடுருவும் நூலாகவும் கொடியாகவும் வந்தால் ஏ.எஸ்.இ. வகையை நீர்க்காமல் ஊற்றியதன் அடையாளம். காரம் நிறைந்த கலவையில் விழுந்த கணமே வெளித்தோல் வீங்கி உறைந்துவிடுகிறது. இரண்டு பங்கு நீரில் கலந்து, கலக்கும் இயந்திரம் நன்றாகச் சுழலும்போது, மெல்லிய தாரையாக விடுங்கள். அம்மோனியாவையும் அப்படியே நீர்த்துத்தான் விட வேண்டும். அம்மோனியாவும் திக்கனரும் டேங்கின் ஒரே ஓரத்தில் விழக் கூடாது.

வெள்ளையாக இருக்கிறது, விரல்களுக்கு நடுவே இழுத்தால் ரப்பர் போல நீள்கிறது, தண்ணீரில் எவ்வளவு நேரம் போட்டாலும் கரையவில்லை என்றால் அது எமல்ஷனே திரண்ட கட்டி. இது திரும்பாது. காரணம் பெரும்பாலும் சேர்த்த வரிசையில் இருக்கும். அரைத்த நிறமிப் பேஸ்ட் சூடாகவும் வறண்டும் இருக்கும்போது எமல்ஷனைச் சேர்த்தால் நிறமித் தூள் எமல்ஷனிடமிருந்து நீரையும் சோப்புப் பொருளையும் உறிஞ்சிவிடும். பேஸ்டை 40 டிகிரிக்குக் கீழே ஆறவிட்டு, கொஞ்சம் நீர் சேர்த்துத் தளர்த்தி, அப்புறம் எமல்ஷனை மெதுவான சுழற்சியில் விடுங்கள். பற்கள் உள்ள அதிவேக வட்டு இயந்திரத்தில் எமல்ஷனைப் போட்டு அரைக்கவே கூடாது. படலம் சேர உதவும் டெக்ஸனால் போன்ற கரைப்பானை நேரடியாகக் கொட்டினாலும் இதே ரப்பர் விதைகள் வரும்.

தட்டையான மெல்லிய தோல்துண்டுகள் என்றால் டிரம்மின் மேற்பரப்பிலோ டேங்க் சுவரிலோ காய்ந்து உதிர்ந்தவை. மூடி வையுங்கள், 80 மெஷ் வலையில் வடிகட்டுங்கள், அவ்வளவுதான். நகத்தால் அழுத்தினால் பொடியாகும் மணி என்றால் நிறமி சரியாக அரைபடவில்லை. திக்கனருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அறிகுறி: அனுப்பும்போது கெட்டி, சில வாரங்களில் தண்ணீர்

இதுதான் அதிக நஷ்டம் தரும் கோளாறு. பொருள் வெளியே போன பிறகுதான் தெரிய வரும். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

முதலில் டப்பாவைத் திறந்து முகர்ந்து பாருங்கள். அழுகிய முட்டை நாற்றம், புளித்த வாசனை, மூடி உப்பியிருப்பது, இறங்கிய பிஎச் இவற்றில் ஏதேனும் இருந்தால் கிருமி உள்ளே குடியேறிவிட்டது. ஆனால் நாற்றமே இல்லாமலும் இளகும். செல்லுலோஸை உண்ணும் கிருமிகள் செல்லுலேஸ் என்ற நொதியை வெளியே விடுகின்றன. அது எச்.இ.சி. சங்கிலியை நடுவில் வெட்டிக்கொண்டே போகும். சங்கிலி நீளம் பாதியானால் பாகுத்தன்மை பாதியாகக் குறைவதோடு நிற்காது. பல மடங்கு சரியும். இங்கே பலர் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. கிருமிநாசினி கிருமியைக் கொல்லும். நொதியை ஒன்றும் செய்யாது. கிருமி ஒன்றுகூட உயிரோடு இல்லை என்று ஆய்வகம் சொன்னாலும் நொதி தன் வேலையைத் தொடரும். அந்தப் பேட்சில் புதிதாக எச்.இ.சி. போட்டால் அதுவும் வெட்டுப்படும்.

சந்தேகத்தை உறுதிசெய்ய ஓர் எளிய சோதனை. சுத்தமான நீரில் 2 விழுக்காடு எச்.இ.சி. கரைசல் தயாரித்து, புதிதாகக் கிருமி வளர்ந்து குழப்பாமல் இருக்கக் கொஞ்சம் கிருமிநாசினியும் சேர்த்து, இரண்டு குவளைகளில் சமமாக ஊற்றுங்கள். ஒன்றில் சந்தேகமான பெயின்ட் ஒரு கரண்டி, மற்றதில் நல்ல பெயின்ட் ஒரு கரண்டி. இரண்டையும் வெதுவெதுப்பான இடத்தில் ஒரு நாள் வைத்து, மறுநாள் கண்ணாடிக் குச்சியால் தூக்கிப் பாருங்கள். நல்ல குவளையில் தேன் போல நீண்டு வழியும். நொதி உள்ள குவளையில் சொட்டுச் சொட்டாக விழும். அளக்கக் கருவிகூட வேண்டாம், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

நொதி உறுதியானால், கையிலிருக்கும் பேட்சை எச்.ஏ.எஸ்.இ. அல்லது எச்.இ.யு.ஆர். கொண்டு மீட்கலாம். அவற்றைச் செல்லுலேஸால் வெட்ட முடியாது. ஆனால் மூலத்தை அடைக்காமல் விட்டால் அடுத்த பேட்சும் இப்படியே ஆகும். டேங்க் கழுவிய நீரைச் சேமித்து மறுபடி பயன்படுத்துகிறீர்களா? குழாயில் நீர் ஓடாமல் தேங்கும் முட்டு எங்காவது இருக்கிறதா? எச்.இ.சி. கரைசலை முன்கூட்டியே தயாரித்து இரவு முழுக்கத் திறந்து வைக்கிறீர்களா? இந்த மூன்று இடங்களில் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

கிருமிநாசினி போட்டும் பலிக்கவில்லை என்றால் அதன் வகையைப் பாருங்கள். சி.ஐ.டி./எம்.ஐ.டி. கலவை வேகமாகக் கொல்லும், ஆனால் பிஎச் ஒன்பதை நெருங்கினாலோ சூட்டில் சேர்த்தாலோ சிதைந்துவிடும். எமல்ஷனில் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் ஒடுக்கிகளும் அதை அழிக்கும். பி.ஐ.டி. காரத்தைத் தாங்கும், ஆனால் மெதுவானது. இரண்டையும் சேர்த்துப் போடுவது இதனால்தான் வழக்கமாயிற்று.

நொதிச் சோதனை சுத்தமாக வந்தும் இளகுகிறது என்றால் இரண்டு காரணங்கள் மிச்சம். ஒன்று, எமல்ஷன் தயாரிப்பில் எஞ்சிய பெராக்சைடு போன்ற ஆக்சிஜனேற்றிகள் எச்.இ.சி. சங்கிலியை வெட்டுவது. இந்தச் சரிவு பெரும்பாலும் முதல் சில நாட்களிலேயே நடந்து பின் நின்றுவிடும். நொதியின் சரிவு தொடர்ந்துகொண்டே இருக்கும். இரண்டு, அம்மோனியா ஆவியாகிப் பிஎச் இறங்கி ஏ.எஸ்.இ. சுருங்குவது. சில துளி காரம் சேர்த்தவுடன் கெட்டித்தன்மை திரும்பி வந்தால் விடை கிடைத்துவிட்டது. ஏ.எம்.பி. போன்ற மெதுவாக ஆவியாகும் அமைனுக்கு மாறிவிடுங்கள்.

அறிகுறி: நாள் போகப் போக இறுகுகிறது

முதல் ஒரு நாள் கொஞ்சம் கெட்டியாவது இயல்பு. திக்கனர் முழுக்க நீர் குடிக்கவும் வலை அமையவும் அவகாசம் தேவை. அதனால்தான் பாகுத்தன்மையை 24 மணி நேரம் கழித்து அளந்து அதை அடிப்படையாகக் கொள்ள வேண்டும். அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டே போனால் நிறமித் துகள்களைப் பிரித்து வைக்கும் டிஸ்பெர்சன்ட்டைச் சந்தேகியுங்கள். மாதிரியில் 0.1 விழுக்காடு டிஸ்பெர்சன்ட் சேர்த்துக் கலக்குங்கள். சட்டென்று இளகினால் நிறமித் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டதுதான் இறுக்கத்துக்குக் காரணம். பாலிபாஸ்பேட் மட்டும் நம்பிச் செய்த கலவைகளில் இது தாமதமாக வரும், ஏனென்றால் பாலிபாஸ்பேட் நீரில் மெல்லச் சிதைந்து சாதாரண பாஸ்பேட்டாக மாறிவிடுகிறது. பாலிஅக்ரிலேட் டிஸ்பெர்சன்ட்டோடு சேர்த்துப் போடுங்கள்.

ஜிங்க் ஆக்சைடு இருக்கும் கலவையில், கரையும் ஜிங்க் அயனி அக்ரிலிக் எமல்ஷனின் அமிலக் குழுக்களையும் ஏ.எஸ்.இ. சங்கிலிகளையும் ஒன்றோடொன்று கட்டிவிடும். அங்கே செல்லுலோஸ் அல்லது எச்.இ.யு.ஆர். பக்கம் போவது நல்லது. பாலிவினைல் ஆல்கஹால் உள்ள பசையில் போராக்ஸ் கலந்துவிட்டால் நாள் கணக்கு இல்லை, கண் முன்னாலேயே ரப்பராகும். பிஎச் திருத்தப் போராக்ஸ் வேண்டவே வேண்டாம்.

அறிகுறி: மேலே தெளிநீர், கீழே படிவு

மேலே பிரிந்த நீரைக் கரண்டியில் எடுத்து விரலால் தேயுங்கள். வழுவழுவென்று கெட்டியாக இருந்தால் அதில் எச்.இ.சி. கரைந்திருக்கிறது. துகள்களில் ஒட்டாத நீண்ட சங்கிலிகள் துகள்களை ஒன்றாகத் தள்ளி ஒதுக்கிவிட்டன. எச்.இ.சி.யைக் குறைத்துக் கொக்கியால் துகள்களைப் பிடிக்கும் அசோசியேட்டிவ் வகையை (எச்.ஏ.எஸ்.இ., எச்.இ.யு.ஆர்.) கொஞ்சம் சேர்த்தால் சரியாகும். பிரிந்த நீர் வெறும் தண்ணீராக இருந்தால் எச்.இ.யு.ஆர். துகள்களைக் கொத்தாகக் கட்டிச் சுருக்கியிருக்கலாம். அளவு மிகக் குறைவாக இருக்கும்போது ஒரே சங்கிலி இரண்டு துகள்களைப் பாலமாகப் பிணைக்கும். இங்கே முரணாகத் தோன்றினாலும் திக்கனரைக் கொஞ்சம் கூட்டுவதோ, சோப்புப் பொருளைக் கொஞ்சம் சேர்ப்பதோதான் மருந்து.

கீழே படிவு இருந்தால் கத்தியை இறக்கிப் பாருங்கள். மென்மையாக இறங்கினால் கவலை இல்லை. குச்சியால் கலந்துவிடும், அசையா நிலைப் பாகுத்தன்மையைச் சற்று உயர்த்தினால் போதும். அட்டபுல்கைட், பென்டோனைட் போன்ற களிமண்ணோ சாந்தன் கோந்தோ இதற்குத்தான். கத்தி முட்டி நின்றால் டிஸ்பெர்சன்ட் அதிகமாகி, ஒவ்வொரு துகளும் தனியாக இறங்கி இறுக அடுக்கியிருக்கிறது. கால்சியம் கார்பனேட்டின் அடர்த்தி 2.7, டைட்டானியம் டைஆக்சைடின் அடர்த்தி 4-ஐ ஒட்டியது. நீரில் இவை இறங்கத்தான் செய்யும். இறங்கும் வேகம் துகள் ஆரத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் கரகரப்பான ஃபில்லரை மாற்றுவது திக்கனரைக் கூட்டுவதைவிட அதிகப் பலன் தரும்.

அறிகுறி: நிறப் பேஸ்ட் சேர்த்ததும் இளகுகிறது

வெள்ளையில் அருமையாக இருந்த பெயின்ட் அடர்நிறத்தில் நீர்த்துப்போனால், அநேகமாக அது எச்.இ.யு.ஆர். மட்டும் கொண்ட கலவை. நிறப் பேஸ்டில் உள்ள சோப்புப் பொருளும் கிளைக்காலும் கொக்கிகளைக் கழற்றிவிடுகின்றன. கெட்டித்தன்மையில் ஒரு பகுதியை எச்.இ.சி. தாங்கும்படி மாற்றி அமையுங்கள். சோதிக்கும்போது இருப்பதிலேயே அதிகமான நிற அளவைச் சேர்த்துச் சோதியுங்கள்.

அறிகுறி: பூசும்போது தொல்லை

ரோலரிலிருந்து முகத்தில் தெறிக்கிறது என்றால் நீண்ட சங்கிலி எச்.இ.சி.தான் காரணம். ரோலர் விலகும்போது பெயின்ட் நூலாக நீண்டு, அறுந்து, துளியாகப் பறக்கிறது. குட்டைச் சங்கிலி எச்.இ.சி.க்கு மாறி, ஐசிஐ எண்ணை உயர்த்தும் எச்.இ.யு.ஆர். வகையைச் சேருங்கள். ஒரு பூச்சில் படலம் மெலிந்து மறைப்புத் திறன் போதாமல் தெரிவதும் ஐசிஐ குறைவின் அடையாளமே. பிரஷ் கோடுகள் சமமாகாமல் நிற்கின்றனவா? அசையா நிலையில் அளவுக்கு மேல் கெட்டி. வழிகிறதா? அதற்கு நேர் எதிர். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடம் குறுகலானது. இரண்டு திக்கனர்களின் விகிதத்தைப் படிப்படியாக மாற்றித்தான் அந்த இடத்தைப் பிடிக்க முடியும்.

அறிகுறி: நுரையும் குழியும்

நுரையடக்கியைப் பாதி அரைக்கும்போதும் பாதி கடைசியிலும் சேருங்கள். காய்ந்த படலத்தில் வட்டக் குழிகள் தெரிந்தால் நுரையடக்கி அதிகம், அல்லது கலவாமல் நின்றிருக்கிறது. சிலிக்கான் வகையில் இது சீக்கிரம் வரும்.

அறிகுறி: காய்ந்த படலம் வெடிக்கிறது, பொடியாகிறது

ஒவ்வொரு எமல்ஷனுக்கும் ஒரு குறைந்தபட்சப் படல வெப்பநிலை உண்டு. அதற்குக் கீழே துகள்கள் உருகி ஒன்று சேராமல் வெள்ளைப் பொடியாகவே காயும். கவனிக்க வேண்டியது காற்றின் வெப்பம் அல்ல, சுவரின் வெப்பம். நீர் ஆவியாகும்போது படலம் அதற்கும் கீழே குளிர்கிறது. இரண்டு கண்ணாடித் துண்டுகளில் பெயின்ட்டை ஒரே தடிமனாக இழுத்து ஒன்றைக் குளிரிலும் ஒன்றை அறை வெப்பத்திலும் காய வையுங்கள். குளிரில் மட்டும் வெடித்தால் டெக்ஸனாலைக் கூட்டுங்கள். அதிகமானால் படலம் பிசுபிசுத்து அழுக்கைப் பிடிக்கும். இரண்டிலும் வெடித்தால் ஃபில்லருக்கு ஏற்ற அளவு பைண்டர் (பிணைக்கும் எமல்ஷன்) இல்லை. தடிமனாகப் பூசிய இடத்தில் மட்டும் வெடித்தால் இரண்டு பூச்சாகப் பூசச் சொல்லுங்கள்.

அறிகுறி: எமல்ஷனே உடைந்துவிட்டது

பால் திரிந்தது போலக் கட்டியும் நீரும் தனித்தனியாகப் பிரிந்து நின்றால் முதலில் சேமித்த இடத்தையும் வந்த வழியையும் விசாரியுங்கள். ஒருமுறை உறைந்த எமல்ஷன் உருகினாலும் பெரும்பாலும் பழைய நிலைக்கு வராது. பல்சக்கரப் பம்ப்பின் இடுக்கில் நசுங்கியும் உடையும். டயாஃப்ரம் பம்ப் பாதுகாப்பானது.

மிச்சமிருக்கும் காரணம் உப்பு. எதிர்மின் சுமையுள்ள எமல்ஷனைத் திரட்டும் வலிமை அயனியின் சுமை கூடக் கூடத் தாவி ஏறும் என்று 1882-இல் சுல்ஸும் 1900-இல் ஹார்டியும் காட்டினார்கள். கோட்பாட்டுக் கணக்கில் அது சுமையின் ஆறாம் அடுக்கு. அதாவது கால்சியம் சோடியத்தைப்போல் 64 மடங்கு, அலுமினியம் 729 மடங்கு. கடின நீரும் படிகாரமும் எவ்வளவு ஆபத்து என்று இதிலிருந்தே தெரியும். நேர்மின் சுமையுள்ள கிருமிநாசினியோ பிசினோ கலந்தாலும் உடனே திரளும். புது எமல்ஷன் வந்தால் 50 மில்லியில் கால்சியம் குளோரைடு கரைசலைத் துளித்துளியாக விட்டு எத்தனை துளியில் திரள்கிறது என்று பழையதோடு ஒப்பிடுங்கள். சிமென்ட்டோடு கலக்கப்போகும் எமல்ஷன் இந்தச் சோதனையில் திரளவே கூடாது; அந்த வேலைக்குப் பாலிவினைல் ஆல்கஹாலோ அயனியற்ற சோப்புப் பொருளோ காக்கும் வகையைத்தான் வாங்க வேண்டும்.

உடைந்ததை வடிகட்டி, மிஞ்சிய பாலை நல்ல பேட்சில் கலந்து தீர்க்கலாம் என்ற ஆசை வரும். வேண்டாம். வலையைத் தாண்டிப் போன பாலிலும் திரட்டிய உப்பு அப்படியே இருக்கிறது. அது நல்ல பேட்சையும் திரட்டிவிடும்.